‘நல்லா இருக்கு’ என்ற சொல்லை நம்பி முதல் போடலாமா?

விருந்துக்குப் போன வீட்டில் சாம்பாரில் உப்பு கொஞ்சம் தூக்கல். பரிமாறிக்கொண்டிருக்கும் அந்த வீட்டு அம்மா, “சாம்பார் எப்படி இருக்கு?” என்று ஆசையாகக் கேட்கிறார். என்ன பதில் வரும்? “பிரமாதம்!” அவ்வளவுதான். அடுத்து ரசத்துக்குப் போய்விடலாம். இதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. மரியாதை என்கிறோம்.

அதே மரியாதை, தொழில் தொடங்கப் போகிறவரின் காதில் விழும்போதுதான் சிக்கல். “உங்க இட்லிப் பொடி மாதிரி நான் எங்கேயும் சாப்பிட்டதில்லைக்கா. பேசாம பாக்கெட் போட்டு வித்துடுங்க!” என்று பத்துப் பேர் சொன்னால் போதும். நகை அடகுக் கடைக்குப் போகும். அரவை இயந்திரம் வந்து இறங்கும். பெயர் அச்சடித்த கவர் 5,000 வரும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், பாராட்டிய பத்துப் பேரில் இரண்டு பேர் ஆளுக்கொரு பாக்கெட் வாங்கியிருப்பார்கள். மற்ற எட்டுப் பேரும் கெட்டவர்கள் அல்ல. அவர்கள் வீட்டில் ஏற்கெனவே பொடி இருக்கிறது!

இட்லிப் பொடியில் தொடங்கி செல்போன் செயலி வரை, எந்தப் புதுப் பொருளுக்கும் இந்தக் கண்டம் உண்டு. இதைத் தாண்ட உலகம் முழுக்க இரண்டு வழிகளைக் கையாளுகிறார்கள். ஒன்று, வாங்கப் போகிறவரிடம் முன்கூட்டியே பேசுவது. இரண்டு, பொருளை முழுதாகச் செய்யும் முன்பே செலவில்லாத ஒரு மாதிரியைச் செய்து, அவர் கையில் கொடுத்து, அவர் என்ன செய்கிறார் என்று கவனிப்பது. கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய பெரிய நிறுவனங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. ஒரு வெல்டிங் பட்டறைத் தொழிலாளி ஜெயித்தும் இருக்கிறார்.

அம்மாகூடப் பொய் சொல்வார்!

ராப் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற தொழில்முனைவோர் 2013-ல் ‘தி மாம் டெஸ்ட்’ என்று ஒரு சிறிய புத்தகம் எழுதினார். ‘அம்மா பரீட்சை’ என்று சொல்லலாம். பெற்ற பிள்ளை ஒரு யோசனையோடு வந்து நின்றால், எந்த அம்மாவும் “அருமைடா கண்ணு” என்றுதான் சொல்வார். அந்த அம்மாவிடமிருந்தும் உண்மையை வரவழைக்கும் விதத்தில் கேள்வி கேட்க வேண்டும் என்பதுதான் புத்தகத்தின் சாரம்.

அதற்கு வழி? நம் யோசனையைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. எதிரில் இருப்பவரின் வாழ்க்கையைப் பற்றிக் கேட்க வேண்டும். ‘வாங்குவீங்களா?’ என்று வருங்காலத்தைக் கேட்டால் கற்பனைதான் பதிலாக வரும். ‘போன தடவை என்ன செஞ்சீங்க?’ என்று நடந்ததைக் கேட்டால் நடந்தது வரும்.

பொடி வியாபாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

“நான் இட்லிப் பொடி போடலாம்னு இருக்கேன். வாங்குவீங்களா?”

“கண்டிப்பா வாங்குவேன்க்கா!”

இந்த உரையாடலில் தெரிந்துகொண்டது எதுவும் இல்லை. இதையே மாற்றிக் கேட்டால்?

“போன வாரம் எத்தனை நாள் இட்லி, தோசை?”

“நாலு நாள்க்கா.”

“தொட்டுக்க என்ன செஞ்சே?”

“மூணு நாள் சட்னி. ஒருநாள் பொடி.”

“பொடி கடையில வாங்கினதா?”

“இல்லக்கா, அம்மா ஊர்லேருந்து கொடுத்தனுப்புவாங்க. தீர்ந்துட்டா நானே வறுத்து அரைச்சுப்பேன்.”

சுவையாக இருந்தாலும் இவர் வாங்கப் போவதில்லை என்பது இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அதே தெருவில் வேலைக்குப் போகும் இன்னொரு பெண், “கடைப் பொடிதான் வாங்கறேன். ஆனா என் பையனுக்குக் காரம் ஒத்துக்கல. பாதி டப்பா அப்படியே கிடக்கு” என்று சொன்னால்? அங்கேதான் ஒரு தொழில் ஒளிந்திருக்கிறது. குழந்தைகளுக்கான, காரம் குறைந்த பொடி! அவர் அதைக் கேட்கவில்லை. சமையலறை அலமாரியில் கிடக்கும் பாதி டப்பா அதைச் சொன்னது.

சரி, கேள்வியைச் சரியாகக் கேட்டுவிட்டால் போதுமா? வெட்கப்பட்டுக்கொண்டு பதிலே சொல்ல முடியாத விஷயமாக இருந்தால்? கோவைக்காரர் ஒருவருக்கு அந்தச் சோதனைதான் வந்தது.

படிவத்தை நிரப்பிய மூன்று பேர்

1998-ல் அருணாசலம் முருகானந்தத்துக்குத் திருமணம் ஆனது. மனைவி சாந்தி எதையோ மறைத்து எடுத்துப் போவதை ஒருநாள் கவனித்தார். மாதவிடாய் நாட்களுக்கான பழைய துணி. “கடையில் நாப்கின் விற்கிறதே, வாங்கலாமே” என்று கேட்டார். அதை வாங்கினால் வீட்டுப் பால் செலவில் கை வைக்க வேண்டியிருக்கும் என்று மனைவியிடமிருந்து பதில் வந்தது.

14 வயதிலேயே படிப்பை விட்டு வெல்டிங் பட்டறைக்குப் போனவர் முருகானந்தம். கடையில் ஒரு நாப்கின் பாக்கெட் வாங்கிப் பிரித்துப் பார்த்தார். பஞ்சு மாதிரிதான் இருந்தது. பத்துப் பைசா பஞ்சுக்கு இத்தனை விலையா என்று தோன்றியது. தானே ஒன்று செய்து மனைவியிடம் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று உடனே கேட்டார். அதற்கு நாள் வர வேண்டும் என்பதே அவருக்கு அப்போதுதான் புரிந்தது. மாதத்துக்கு ஒரு பதில் என்றால், பொருளைச் சரிசெய்து முடிக்கவே பல வருடங்கள் ஆகிவிடும். வந்த பதிலும் நன்றாக இல்லை. மனைவியும் சகோதரிகளும் ஒரு கட்டத்துக்கு மேல் ஒத்துழைக்கவில்லை.

அடுத்து, மருத்துவக் கல்லூரி மாணவிகள். படித்தவர்கள், கூச்சமில்லாமல் சொல்வார்கள் என்று நினைத்தார். 20 பேரைச் சம்மதிக்க வைத்து, நாப்கினோடு கருத்துப் படிவத்தையும் கொடுத்தார். படிவங்களை வாங்கப் போன நாளில் அவர் கண்ட காட்சி... மூன்று மாணவிகள் உட்கார்ந்து எல்லோருடைய படிவத்தையும் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்! அந்தத் தாள்களை நம்பி இயந்திரம் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அவர் தாள்களை ஒதுக்கிவிட்டார். கால்பந்துக்குள் இருக்கும் ரப்பர் பையில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி இடுப்பில் கட்டிக்கொண்டார். தான் செய்த நாப்கினைத் தானே அணிந்து நடந்தார், சைக்கிள் ஓட்டினார். எங்கே கசிகிறது, எப்போது கசிகிறது என்று பார்த்தார். பிறகு, பயன்படுத்திய நாப்கின்களையே மாணவிகளிடம் கேட்டு வாங்கி ஆராயத் தொடங்கினார். கூச்சத்தில் வாய் சொல்லாததைப் பயன்படுத்திய பொருள் சொல்லிவிடும் அல்லவா?

இதற்கு அவர் கொடுத்த விலை சாதாரணமானதல்ல. மனைவி பிரிந்து போனார். பின்வாசலில் அந்த நாப்கின்களோடு அவரைப் பார்த்த தாயும் வீட்டை விட்டுப் போனார். அவருக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று ஊரில் பேசினார்கள். கடைசியில் ரகசியம் பிடிபட்டது. பெரிய நிறுவனங்கள் பயன்படுத்துவது பருத்திப் பஞ்சு அல்ல, மரத்திலிருந்து எடுக்கும் கூழ்! அது ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அதைக் கண்டுபிடிக்கவே இரண்டு வருடங்களுக்கு மேல் ஆனது. அந்தக் கூழை நாப்கினாக்கும் வெளிநாட்டு இயந்திரத்தின் விலையோ கோடிகளில் இருந்தது.

அவர் தானே எளிய இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார். அதன் முதல் மாதிரி பெரும்பாலும் மரத்தால் ஆனது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் அதைக் காட்டியபோது முதலில் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். அந்த மர மாதிரியிலிருந்து வளர்ந்த இயந்திரம், சுமார் 65,000 ரூபாய் விலையில் கிராமத்து மகளிர் குழுக்களிடம் போய்ச் சேர்ந்தது. பிரிந்த மனைவி திரும்பி வந்தார். 2016-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. அவர் கதையைத் தழுவி 2018-ல் ‘பேட் மேன்’ என்று இந்தியில் படமும் வந்தது.

படம் பார்த்தவர்கள் அவருடைய பிடிவாதத்தைப் பாராட்டுகிறார்கள். அதே அளவுக்குப் பாராட்ட வேண்டியது, ‘நன்றாக இருக்கிறது’ என்று 20 படிவங்கள் கையில் கிடைக்கவிருந்த நேரத்தில் அவற்றை நம்ப மறுத்த புத்திசாலித்தனம்.

சட்டைப்பையில் ஒரு மரத்துண்டு

முருகானந்தத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு, அமெரிக்காவில் இன்னொருவர் மரத்தில் மாதிரி செய்தார். அதற்குச் செலவு ஏறக்குறைய பூஜ்யம்!

அவர் பெயர் ஜெஃப் ஹாக்கின்ஸ். கையடக்கக் கணினி செய்யும் ‘பாம்’ நிறுவனத்தைத் தொடங்கியவர். 1993-ல் அவருடைய குழு பங்கெடுத்து வெளிவந்த ‘ஜூமர்’ என்ற கருவி சந்தையில் படுத்துவிட்டது. அதை வாங்கியவர்களிடம் பேசியபோது ஒன்று புரிந்தது. மக்கள் இந்தக் கருவியை வேறொரு கணினியோடு ஒப்பிடவில்லை. பையில் இருக்கும் காகித டைரியோடு ஒப்பிடுகிறார்கள். டைரியைவிடக் கனமாக, டைரியைவிட மெதுவாக இருந்தால் எதற்குத் தூக்கிச் சுமப்பது?

அடுத்த கருவிக்குப் பொறியாளர்களை வேலை வாங்கும் முன்பு, ஹாக்கின்ஸ் வீட்டுக் கார் ஷெட்டுக்குள் போனார். சட்டைப்பையில் அடங்கும் அளவுக்கு ஒரு மரத்துண்டை அறுத்தார். திரையும் பொத்தான்களும் அச்சடித்த காகிதத்தை அதன் மேல் ஒட்டினார். சாப்பிடும் குச்சி ஒன்றைச் சீவிப் பேனாவாக்கிக்கொண்டார். அதை மாதக்கணக்கில் சட்டைப்பையிலேயே வைத்துத் திரிந்தார். “நாளைக்கு மதியம் சந்திக்கலாமா?” என்று யாராவது கேட்டால், மரத்துண்டை வெளியே எடுத்து, குச்சியால் தட்டி, நாட்காட்டியைப் பார்ப்பது போலப் பாவனை செய்வார். சுற்றியிருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்!

ஆனால் அந்த விளையாட்டில் பெரிய பெரிய கேள்விகளுக்கு விடை கிடைத்தது. ஒரு நாளில் உண்மையில் எத்தனை முறை அதை வெளியே எடுக்கிறோம்? எதற்காக எடுக்கிறோம்? எத்தனை தட்டலில் விஷயம் கிடைக்க வேண்டும்? எந்தப் பொத்தானைத் தொடவே இல்லை? 1996-ல் ‘பைலட்’ என்ற பெயரில் கருவி வெளிவந்தபோது, அதில் நான்கு வேலைகள்தான் முக்கியமாக இருந்தன. நாட்காட்டி, முகவரி, செய்ய வேண்டியவை, குறிப்பு. அது நன்றாக விற்றது. இன்றைய ஸ்மார்ட்போனுக்கு மூத்த அண்ணன் என்று அதைச் சொல்லலாம்.

மாதிரி என்றவுடன் பலரும் விலை உயர்ந்த ஏதோ ஒன்றை நினைத்துக்கொள்கிறார்கள். செயலி யோசனை வைத்திருப்பவருக்கு, நோட்டுத் தாளில் வரைந்த நான்கு திரைகள் போதும். பயன்படுத்துபவர் விரலால் ஒரு பொத்தானைத் தொட்டால், அடுத்த தாளை எடுத்துக் காட்டலாம். மாதிரி அழகாக இல்லாமல் இருப்பதிலும் ஒரு லாபம் உண்டு. பளபளவென்று இருந்தால், ‘பாவம், இவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்திருக்கிறாரே’ என்று பார்ப்பவர் குறை சொல்லத் தயங்குவார். தாளில் கிறுக்கியதைக் குறை சொல்ல யாருக்கும் தயக்கம் வராது.

37 டிகிரி சொன்னால் 30 டிகிரி!

மாதிரியை எங்கே வைத்துக் காட்டுகிறோம் என்பதும் முக்கியம். அலுவலகத்தில் சரியாக இருப்பது, அடுப்பங்கரையில் சரியாக இருக்காது.

2007-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் சிலருக்கு வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார்கள். எடை குறைவாகப் பிறக்கும் குழந்தைகளை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் இன்குபேட்டரை, மிகக் குறைந்த விலையில் செய்ய வேண்டும். உடம்பில் கொழுப்பு போதாத அந்தச் சிசுக்களுக்கு, நமக்குச் சாதாரணமாகத் தெரியும் அறை வெப்பமே உயிருக்கு ஆபத்தான குளிர்.

குழுவில் ஒருவர் நேபாளம் போனார். தலைநகர் மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் இருந்தன. ஆனால் பல காலியாகக் கிடந்தன. காரணம், குறைமாதக் குழந்தைகள் பிறப்பது தொலைதூரக் கிராமங்களில். அங்கிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரும் முன்பே பல உயிர்கள் போய்விடுகின்றன. அப்படியானால், தேவை மலிவான இன்குபேட்டரா? இல்லை, மின்சாரம் இல்லாத குடிசையிலும் தாய் தன் கையால் பயன்படுத்தக்கூடிய ஏதோ ஒன்று. இப்படித்தான் குழந்தையை உள்ளே வைக்கும் சின்னப் படுக்கைப் பை போன்ற ‘எம்ப்ரேஸ்’ உருவானது. மெழுகு போன்ற ஒரு பொருள் நிரம்பிய உறையைச் சூடாக்கி உள்ளே வைத்தால், பல மணி நேரம் ஒரே வெப்பம் இருக்கும்.

ஜேன் சென், ராகுல் பணிக்கர் உள்ளிட்ட அந்தக் குழு பிறகு இந்தியாவுக்கே வந்து வேலை செய்தது. மாதிரியில் வெப்பத்தைக் காட்ட எண்கள் இருந்தன. 37 டிகிரி வந்ததும் பயன்படுத்த வேண்டும். இதில் குழப்பமே வராது என்றுதான் நினைத்தார்கள். மகாராஷ்டிர கிராமம் ஒன்றில் ஒரு தாயிடம் காட்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் ஊரில் ஆங்கில மருந்து ரொம்ப ‘பவர்’ என்று ஒரு நம்பிக்கை. டாக்டர் ஒரு ஸ்பூன் சொன்னால் அரை ஸ்பூன்தான் கொடுப்பார்களாம். அதுபோல 37 என்று சொன்னால், குழந்தைக்கு எதற்கு வம்பு என்று 30-லேயே நிறுத்திக்கொள்வேன் என்றார் அந்தத் தாய்!

பிள்ளை மீதுள்ள பாசத்தால்தான் அவர் அப்படிச் செய்வார். ஆனால் அந்த ஏழு டிகிரி குழந்தையின் உயிரையே பறிக்கும். குழு எண்களை எடுத்துவிட்டது. ‘சரி’, ‘சரியில்லை’ என்று மட்டும் காட்டும் அடையாளத்தை வைத்தது. எத்தனை விஞ்ஞானிகள் ஆய்வகத்தில் உட்கார்ந்து யோசித்தாலும், இந்தத் தவறு அவர்கள் கண்ணில் பட்டிருக்காது. ஏனென்றால் இயந்திரம் சரியாகத்தான் வேலை செய்தது. அதை யார், எந்த நம்பிக்கையோடு கையில் எடுக்கிறார் என்பதில்தான் ஆபத்து இருந்தது.

நின்றுபோன ராட்டினம்

இந்த வேலையைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ‘ப்ளேபம்ப்’ என்று ஒரு திட்டம். பள்ளி மைதானத்தில் ஒரு ராட்டினம். குழந்தைகள் அதைச் சுற்றி விளையாட விளையாட, அடியில் இருக்கும் பம்பு ஆழத்திலிருந்து தண்ணீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும். விளையாட்டுக்கு விளையாட்டு, தண்ணீருக்குத் தண்ணீர்! கேட்ட எல்லோருக்கும் பிடித்துப்போனது. 2006-ல் அமெரிக்காவில் இதற்காக 1.64 கோடி டாலர் உதவி அறிவித்தார்கள். ஆப்பிரிக்காவில் 4,000 பம்புகள் வைப்பதாகத் திட்டம்.

பிடித்துப்போனது யாருக்கு? நன்கொடை கொடுத்தவர்களுக்கு. தண்ணீர் எடுக்க வேண்டிய கிராமத்துப் பெண்களுக்கு நடந்தது வேறு. சாதாரண ராட்டினம் ஒருமுறை தள்ளினால் தானாகச் சுற்றும். இது தண்ணீரை இழுப்பதால், தள்ளிக்கொண்டே இருந்தால்தான் சுற்றும். குழந்தைகள் சீக்கிரமே களைத்துப் போனார்கள். பள்ளி இல்லாத நேரத்தில், வயதான பெண்கள் குனிந்து அந்த ராட்டினத்தைத் தள்ள வேண்டியிருந்தது. பலருக்கு உடம்பு வலி, அதோடு கூச்சம். எப்போதும் இருக்கும் அடிபம்பே மேல் என்றார்கள். சில இடங்களில் அந்த அடிபம்பைக் கழற்றிவிட்டுத்தான் இதை வைத்திருந்தார்கள். திட்டம் சொன்ன அளவுக்குத் தண்ணீர் வேண்டுமானால் குழந்தைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று, 2009-ல் பிரிட்டனின் ‘கார்டியன்’ பத்திரிகை கணக்குப் போட்டுக் காட்டியது.

ஒரே ஒரு பம்பை வைத்து, தண்ணீர் எடுக்கும் பெண்களின் பக்கத்தில் ஒரு வாரம் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

2 லட்சம் பேர் சுவைத்த பிறகும்...

அப்படியானால் நிறைய பேரிடம் கேட்டுவிட்டால் தப்பித்துவிடலாமா? அதற்கும் உத்தரவாதம் இல்லை. 1985-ல் கோகோ கோலா நிறுவனம் தன் பானத்தின் சுவையை மாற்ற முடிவு செய்தது. அதற்கு முன் ஏறக்குறைய 2 லட்சம் பேரைச் சுவைத்துப் பார்க்கச் சொன்னது. பெரும்பாலானோருக்குப் புதிய சுவை பிடித்திருந்தது. ஏப்ரல் 23-ம் தேதி பழைய சுவையை நிறுத்திவிட்டுப் புதியதைக் கொண்டுவந்தார்கள்.

அமெரிக்கா கொதித்தது. நிறுவனத்துக்குத் திட்டித் திட்டித் தொலைபேசி அழைப்புகள் வந்தன. பழைய பானத்தைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கினார்கள். 79 நாட்களில், ஜூலை 11-ம் தேதி, பழைய சுவை திரும்ப வருவதாக அறிவித்தார்கள்.

2 லட்சம் பேரும் பொய் சொல்லவில்லை. ஒரு சின்னக் கோப்பையில் ஒரு வாய் குடித்துப் பார்த்தால் இனிப்பானது பிடிக்கத்தான் செய்யும். ஆனால் சின்ன வயதிலிருந்து வீட்டில் குடித்த ஒன்று இனிமேல் கிடைக்காது என்பது வேறு அனுபவம். கோப்பையில் வைத்துப் பார்த்தது நாக்கை. மாற்றியது பழக்கத்தை. பரீட்சை ஒன்று, பாடம் வேறொன்று ஆகிவிட்டது.

ஐந்து பேர் போதும்

இவ்வளவு படித்ததும், ‘இதெல்லாம் கம்பெனிக்காரர்களுக்கு, நமக்கு எங்கே?’ என்று தோன்றலாம். சின்னத் தொழிலுக்குத்தான் இது இன்னும் சுலபம். இணையதளங்களையும் கருவிகளையும் மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஜேக்கப் நீல்சன். ஐந்து பேரை உட்கார வைத்துக் கவனித்தாலே, பயன்படுத்துவதில் உள்ள குறைகளில் சுமார் 85 சதவிகிதம் வெளியே வந்துவிடும் என்று அவர் கணக்கிட்டார். ஐந்து பேரிடம் காட்டி, குறையைச் சரிசெய்து, மறுபடி வேறு ஐந்து பேரிடம் காட்டுவது, ஒரே தடவையில் ஐம்பது பேரிடம் காட்டுவதைவிட நல்லது.

இந்த ஐந்து பேர் கணக்கு, ‘பயன்படுத்த வருகிறதா’ என்பதற்கு. ‘ஊரில் எத்தனை பேர் வாங்குவார்கள்’ என்பதற்கு இது போதாது. அதற்கு, விற்றுத்தான் பார்க்க வேண்டும். அதையும் சிறிதாகச் செய்யலாம்.

பொடி வியாபாரத்துக்கே திரும்பினால், முதல் வேலை இயந்திரம் வாங்குவதல்ல. வீட்டு மிக்ஸியில் இரண்டு கிலோ அரைப்பது. பழகியவர்களை விட்டுவிட்டு, அதிகம் பழக்கமில்லாத ஐந்து வீடுகளைத் தேர்ந்தெடுப்பது. அவர்களிடம் ‘எப்படி இருக்கு?’ என்று கேட்காமல், இரண்டு வாரம் கழித்துப் போய், டப்பாவில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது. காலி டப்பா ஒரு பதில். முக்கால் டப்பா இன்னொரு பதில். பொடியோடு எண்ணெய் கலக்கிறார்களா, நெய்யா, சாதத்தில் போட்டுப் பிசைகிறார்களா என்று கவனித்தால், அடுத்த பாக்கெட்டில் என்ன எழுத வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

தையல் தெரிந்தவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுப் பை தைத்து விற்க நினைத்தாலும் இதே முறைதான். பழைய துணியில் ஒன்று தைத்து, பக்கத்துப் பிள்ளையின் கையில் கொடுத்து, டிபன் பாக்ஸை வைக்கச் சொல்லலாம். அப்போது வாயை மூடிக்கொண்டு பார்ப்பதுதான் கஷ்டமான பகுதி. “இப்படி இல்லம்மா, அந்த ஜிப்பை இழுக்கணும்” என்று சொல்லிக்கொடுக்கத் தோன்றும். சொல்லிக்கொடுத்தால் பரீட்சை முடிந்தது. வாங்கிப் போகும் ஒவ்வொரு வீட்டிலும் போய்ச் சொல்லிக்கொடுக்க முடியுமா? பிள்ளை எங்கே தடுமாறுகிறதோ, அங்கே பையைத்தான் மாற்ற வேண்டும்.

கடைசிப் பரீட்சை, காசு. இலவசமாகக் கொடுக்கும்போது எல்லாப் பொருளும் நல்ல பொருள்தான். “அடுத்த வாரம் அரைக்கிறேன். கால் கிலோ வேணும்னா இப்பவே பணம் கொடுத்துச் சொல்லிடுங்க” என்றதும், பாராட்டியவர்களில் பாதிப் பேர், “அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்பார்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. உண்மை மலிவாகக் கிடைத்திருக்கிறது. பணம் கொடுத்த மீதிப் பேர்தான் வாடிக்கையாளர்கள். அவர்களிலும், தீர்ந்தபிறகு தானாகவே போன் செய்து இரண்டாவது பாக்கெட் கேட்பவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கலாம். (தொடர்ந்து விற்பது என்று முடிவானால், வீட்டில் செய்யும் உணவுப் பொருளாக இருந்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது கட்டாயம்.)

யாருமே இரண்டாவது பாக்கெட் கேட்கவில்லை என்றால்? இரண்டு கிலோ பொடியும், ஒரு மாதமும் போயிருக்கும். வளையல் பீரோவில்தான் இருக்கும். எந்த வீட்டில் எது மிச்சமானது, ஏன் மிச்சமானது என்று தெரிந்திருக்கும். அடுத்த முறை காரத்தைக் குறைத்து அரைத்துப் பார்க்கலாம்.